ஏழாவது ஷெட்டின் பச்சை

ஏப்ரல் 29

வந்து சேர்ந்தேன். கோவையிலிருந்து நாமக்கல் வரை பஸ், அதற்கப்புறம் டவுன் பஸ், கடைசி நாலு கிலோமீட்டர் முட்டை வண்டி. தங்குவதற்கு முட்டை குடோனுக்கு மேலே ஓர் அறை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் நோட்டும் நாறும்.

கோவை ஆபீஸுக்குத் தினமும் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் எழுத முடியாதது இங்கே.

பண்ணையில் பன்னிரண்டு ஷெட். ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் கோழி, எங்கள் கம்பெனிப் பெட்டி ஒன்று. உள்ளே எத்தனை டிகிரி, கூரைக்கடியில் தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கும் ஃபாகர் ஓடுகிறதா என்று பெட்டி பார்த்து வைத்திருக்கும். எங்கள் புரோகிராம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு பெட்டியையும் ஒரே சமயத்தில் கேட்டு முதலாளியின் போனில் காட்டும். முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் போன் அலறும். அப்படித்தான் நடக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், பாதி நாள் 'பிழை' என்ற ஒரே சொல்தான் சிவப்பாகத் திரை முழுக்க.

சரிசெய்து, மே 15-க்குள் முதலாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினால் எனக்குப் புனே டீமில் இடம். பதினாறு நாள். எனக்கு நாலு நாள் போதும்.

முதலாளி பெயர் நாச்சிமுத்து. கை குலுக்கவில்லை. போனை நீட்டினார். “பாருங் தம்பி. கோழிக்கு வெக்கையா இருக்குதான்னு கேட்டா, பிழைங்குது. யாரு பிழை?”

ஏப்ரல் 30

யார் பிழை என்று கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் இதை எழுதியவன் பிழை.

பெட்டிகளைப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களிடம் ஒரே சமயத்தில் கேள்வி கேட்கிறான். சரி. அதில் ஒருவன் பதில் சொல்லாமல் கை விரித்தால், மற்ற பதினொரு பேர் சரியாகச் சொன்ன பதிலையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டு 'பிழை' என்கிறான். இரண்டு பேர் கை விரித்தால் முதலாமவன் பெயர் மட்டும்தான் புரோகிராமின் குறிப்பேடான லாக்கில் விழும். இரண்டாமவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

லாக்கில் மூன்றாவது ஷெட் என்று இருந்தது. போய்ப் பார்த்தால் எலி வயரைக் கடித்திருக்கிறது. மாற்றினேன். உடனே பதினொன்றாவது ஷெட் என்று வந்தது. அங்கே பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கன்னத்தில் ஒரு கொட்டு.

சூப்பர்வைசர் மைனாவதி சுண்ணாம்பு கொண்டுவந்து கொடுத்தார். கோழி வளர்ப்பில் டிப்ளமோ, என் வயதுதான் இருக்கும். “ஏனுங் இஞ்சினியர், கம்ப்யூட்டர் வேலைன்னாங்க, கொளவியோட சண்டை போடறீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறக்க முடியவில்லை. வீக்கம்.

மே 1

காலை டிபன்: இட்லி, இரண்டு அவித்த முட்டை. எனக்கு முட்டை பிடிக்காது. சொன்னேன். நாளைக்கும் வருமாம்.

மே 3

நேற்றும் இன்றும் எல்லாம் சரி, மதியம் சுமார் ஒரு மணி வரை. அப்போது திரை மறுபடி 'பிழை'. மூன்று மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. லாக்கில் ஏழாவது ஷெட். எண் ஏழானாலும் தூரத்தில் அதுதான் கடைசி, மேற்கு ஓரம். பண்ணை ஆபீஸிலிருந்து முந்நூறு மீட்டர்.

மதிய வெயிலில் நெட்வொர்க் படுத்துவிடுகிறது, வேறென்ன. நாலு மணிக்குப் போய்ப் பார்த்தேன், பெட்டி ஜம்மென்று இருந்தது. ஒரு மணி வெயிலில் அங்கே நடந்து போக எனக்குப் பைத்தியம் இல்லை.

ஏழாவது ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர் சின்ராசு. நாற்பது வயதுக்காரர். ஒன்பது வருடமாகக் குடும்பத்தோடு பண்ணை வீட்டிலேயே இருக்கிறார். பெட்டியைத் தினமும் துணியால் துடைத்து வைக்கிறார். நெற்றியில் விபூதி இட்டிருக்கிறார், பெட்டிக்கு.

முதலாளி சத்தம் போட்டார். “மத்தியானந்தானே கோழி சாவும்? அப்பப் பார்த்து கண்ண மூடிக்குதே உங்க மெசினு. செவப்பாத் தெரிஞ்சா எனக்கு பிரசர் ஏறுது தம்பி.”

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பமாம். காலண்டர் சொல்லாவிட்டாலும் முதுகு சொல்கிறது.

காலையிலேயே முடித்துவிட்டேன். இனி ஒரு பெட்டி கை விரித்தால் மற்ற பதினொன்றும் பாதிக்கப்படாது. அதனதன் பிழையை அங்கங்கே பிடித்து ஓரமாக ஒரு பட்டியலில் போட்டுவிடும். திரையில் அந்த ஷெட்டுக்குக் கடைசியாக வந்த டிகிரியும் ஃபாகர் நிலவரமும் அப்படியே நிற்கும். பெட்டி திரும்பப் பேசும்போது புதிது வரும். சிவப்பே கிடையாது.

ஒரு மணிக்கு முதலாளியிடம் போய்க் காட்டினேன். பன்னிரண்டும் பச்சை. “அப்படிப் போடு!” என்றார். மோர் வந்தது.

நாலு நாள் என்றேன். ஐந்து நாள் ஆகியிருக்கிறது. பரவாயில்லை.

மே 7

பத்து நாள் ஓடிக் காட்டட்டும், பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார் முதலாளி. எனவே சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பது எனக்கு வராது. முட்டை குடோன் கணினியில் கிடந்த குப்பையைச் சுத்தம் செய்தேன். மைனாவதியின் தடுப்பூசி அட்டவணையை ஒழுங்கு செய்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. “இதுல ஆறாவது ஷெட்டுக்கு ரெண்டு தடவ ஊசி போட்டிருக்கீங்க” என்றார். திருத்தினேன்.

முட்டையில் மிளகுத்தூள் போட்டால் தின்ன முடிகிறது.

மே 10

அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். “ஏல டெரிக், ஒழுங்காச் சாப்பிடுதியா? கோழி நாத்தம் பழகிட்டா?” நாற்றமா, எந்த நாற்றம் என்று கேட்டுவிட்டேன். சிரித்தாள். எனக்கு எதுவும் பழகவில்லை, மூக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் மைனாவதியோடு பன்னிரண்டு ஷெட்டும் சுற்றினேன். பெட்டிகளைப் பார்க்கத்தான். அவர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நின்று காது கொடுக்கிறார். என்ன கேட்கிறீர்கள் என்றேன். “ஃபாகர் ஓடுற சத்தம். கோழி பேசற சத்தம். ரெண்டுல ஒண்ணு நின்னாலும் ஓடோணும்.” அதற்குத்தான் பெட்டி இருக்கிறதே என்றேன். “இருக்கட்டுமுங்” என்றார்.

மே 12

இன்று ஒன்றும் இல்லை. மூன்று முட்டை.

மே 14

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மதியம் ஒன்றரை மணி. மக்காச்சோள லாரி வந்திருந்தது, இறக்க ஆள் போதவில்லை. சின்ராசு ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்டார். “ஏனுங் தம்பி, லோடு எறக்கக் கூப்படறாங்க. ஏழாவது எப்படி இருக்குதுங்? பாத்துச் சொன்னீங்கன்னா போயிருவேன்.”

போனைப் பார்த்தேன். முப்பத்தைந்து டிகிரி. ஃபாகர் ஓடுகிறது. பச்சை.

“முப்பத்தஞ்சு. ஒண்ணும் பிரச்சனையில்ல. போங்க” என்றேன். தலையைக்கூடச் சரியாக நிமிர்த்தவில்லை.

இரண்டே காலுக்கு மைனாவதி கத்தியது ஆபீஸ் வரை கேட்டது. ஓடினேன். ஏழாவது ஷெட்டில் ஃபாகர் மோட்டார் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றதோ. கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையைத் தளர்த்தி, கழுத்து மட்டும் துடிக்கத் துடிக்க உட்கார்ந்திருந்தன. பேச்சில்லை. ஐயாயிரம் கோழி பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மைனாவதி கூரை மேல் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, சாக்குகளை நனைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு வாளி. எத்தனை வாளி என்று தெரியாது. சின்ராசு லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தார். உடம்பெல்லாம் மக்காச்சோளத் தூசி.

போன் அலறவே இல்லை. பார்த்தேன். முப்பத்தைந்து. பச்சை.

சுவரில் மாட்டியிருந்த சாதாரண தெர்மாமீட்டரில் நாற்பத்து மூன்று.

பெட்டியின் பிளக் பிடுங்கியிருந்தது. அந்த ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு சாக்கெட். அதில் ஒரு டேபிள் ஃபேன் மாட்டியிருந்தது. சின்ராசு தன் வீட்டு ஃபேனைத் தினமும் பன்னிரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்து, மேற்கு ஓரக் கூண்டுகளுக்கு வைத்துவிட்டு மூன்று மணிக்கு எடுத்துப்போவாராம். அந்த ஓரத்துக்கு ஃபாகர் தண்ணீர் எட்டாது, வெயிலும் அங்கேதான் அடிக்கும்.

“பொட்டிக்குள்ள பேட்டரி இருக்குமுன்னு நெனச்சேனுங். போனு மாதிரி. சித்த நேரம் புடுங்கினா ஒண்ணும் ஆவாதுன்னு…”

செத்தது நூற்று எண்பத்தாறு. மீதி பிழைத்தன. இன்னும் அரை மணி போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றார் மைனாவதி.

ஆபீஸ் அறிக்கையை இன்று அனுப்பவில்லை. வாளி தூக்கிய களைப்பு.

மே 15

கெடு நாள். கையெழுத்து கேட்கவில்லை.

சின்ராசுவை ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம் முதலாளி. பிளக்கைப் பிடுங்கியது அவர்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

பிழைப் பட்டியலைத் திறக்கவில்லை. திறக்க அவசியம் இல்லை.

துணி துவைத்தேன். இரண்டு முறை.

மே 16

காலையில் முட்டை வரவில்லை. இட்லி மட்டும். மைனாவதி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“சின்ராசு அண்ணன் உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானே லோடு எறக்கப் போனாரு?”

“யார் சொன்னா?”

“அவரு சொல்லல. மொதலாளிகிட்டக்கூட வாயே தொறக்கல. தம்பி வேலைக்கு வந்த எடத்துல அவர ஏன் இழுக்கோணும்னு சொல்லீட்டாராம் ஊட்ல. அவரு ஊட்டுக்காரம்மா பாத்தரத்தச் சாக்குல கட்டிக்கிட்டே எங்கிட்டச் சொல்லுச்சு.”

போய்விட்டார். தட்டைத் தள்ளி வைத்தேன்.

பட்டியலைத் திறந்தேன். எழுநூற்றுச் சொச்சம் வரிகள். மே நாலிலிருந்து பதினான்கு வரை, பதினொரு நாள், பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்று வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி: ஏழாவது ஷெட், பதில் இல்லை. ஏழாவது ஷெட், பதில் இல்லை. புரோகிராம் ஒரு நாளும் தவறாமல் சொல்லியிருக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் சொல்லும்படி வைத்தது நான். போதாக்குறைக்கு அதன் முகத்தில் பச்சையைப் பூசியதும் நான்.

பிரிண்ட் எடுத்தேன். பதினெட்டுப் பக்கம். முதலாளி தீவன மில்லில் இருந்தார்.

“என்ன தம்பி, கையெழுத்தா?”

“இல்லீங்க. இதப் பாருங்க.” பட்டியலைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நாலாம் தேதி என்ன செய்தேன், ஏன் செய்தேன், பதினான்காம் தேதி ஒன்றரை மணிக்கு வாசலில் சின்ராசு என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் எல்லாம். மில் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள்.

முதலாளி மில்லை நிறுத்தச் சொன்னார். நின்றது. அது இன்னும் மோசம்.

“அப்ப உங்க பொட்டி பொய் சொல்லல.”

“இல்லீங்க. அது பேசவே இல்ல. பேசுற மாதிரி நான் காட்டினேன்.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“முந்தாநேத்து, வாளி தூக்கும்போதே.”

“இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா?”

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒன்றேதான் எழுதியிருந்தது. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பிறகு, “செவப்பு வேண்டாம்னு சொன்னது நானு” என்றார். அது என்னிடம் சொன்னதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பண்ணை வீட்டுப் பக்கம் போனேன். காலி செய்ய வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டாராம். சின்ராசுவின் மனைவி பாத்திரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சின்ராசு டேபிள் ஃபேனைக் காட்டிச் சொன்னார். “இத இனி அந்தப் பக்கமே கொண்டுபோவ மாட்டனுங் தம்பி.”

“கொண்டுபோங்க. இன்னொரு சாக்கெட் போட்டுத் தர்றேன். அந்த ஓரத்துக்குக் காத்து வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சது எங்க பெட்டிக்குத் தெரியல.”

மே 17

சாக்கெட் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் வரத் தாமதமானதால் நானே போட்டேன். இருபது நிமிட வேலை. மே மூன்றாம் தேதி ஒரு மணிக்கு முந்நூறு மீட்டர் நடந்திருந்தால் அன்றே செய்திருப்பேன். இதை ஆபீஸ் அறிக்கையிலும் எழுதினேன்.

காலையில் முட்டை வந்தது. ஒன்று. பாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மே 19

புரோகிராமை மறுபடி எழுதுகிறேன். பன்னிரண்டு பேரிடமும் ஒரே சமயத்தில் கேள்வி. ஒருவன் கை விரித்தான் என்பதற்காக மற்றவர்களை நிறுத்தக் கூடாது. அது முந்தையவன் செய்தது. கை விரித்தவனை மறைக்கவும் கூடாது. அது நான் செய்தது. எல்லோரும் முடிக்கும் வரை, ஆளுக்குப் பத்து நொடி என்று அளவு வைத்துக் காத்திருக்க வேண்டும். பதில் வந்தால் பதில், வராவிட்டால் ஏன் வரவில்லை என்பது. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு வரி. மூன்று பேர் கை விரித்தால் மூன்று பெயரும் வெளியே வர வேண்டும். பழைய டிகிரியைக் காட்டுவது அடியோடு கிடையாது.

எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதில் வராவிட்டால் யார் போனுக்குச் சொல்வது என்று முடிவு செய்யத்தான் ஒரு பகல் முழுக்கப் போனது. ஆபீஸ் வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் அந்த ஷெட்டுக்காரர், அடுத்து மைனாவதி, அப்புறம் முதலாளி. “கடைசில நீங்க” என்றார் முதலாளி என்னைக் காட்டி. “எங்க இருந்தாலும்.”

சரி என்றேன். யோசிக்காமல் சொன்னது. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மே 20

சோதனை. நான் ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைனாவதி சைக்கிளில் போய் மூன்று ஷெட்டில் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று ஏற்பாடு.

திரையில் நாலு ஷெட் சாம்பல் நிறமானது. இரண்டு, ஐந்து, ஏழு, பத்து. 'பதில் இல்லை.' மற்ற எட்டும் டிகிரியோடு பச்சை. என் போன் நாலு முறை அலறியது.

எங்கேயோ தப்பு. மூன்றுதான் வர வேண்டும். புரோகிராமை முழுக்க மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். வியர்த்தது. மைனாவதி திரும்பி வந்து சைக்கிளைச் சாய்த்தார்.

“நாலு காட்டுது. மூணுதானே புடுங்கினீங்க?”

“நாலு.”

“மூணுன்னுதானே சொன்னேன்?”

“நீங்க சொன்னதத்தான் அது காட்டுதா, இல்ல நடந்ததக் காட்டுதான்னு பாக்கோணும்ல?” சிரிப்பை அடக்கவே இல்லை. “பரவால்லீங். உங்களவிட நெசம் பேசுது.”

முதலாளி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “செவப்பு வேண்டாம்னேன், அதுக்குச் சாம்பலா? இதப் பாத்தா இன்னும் பயமா இருக்குது தம்பி.” சற்றுப் பொறுத்து, “இருக்கட்டும். பயமா இருக்கோணும்” என்றார்.

மே 22

கோவை ஆபீஸிலிருந்து டீம் லீடர் ஜெபா அண்ணன் பேசினார். புனே இடம் என்னோடு வேலை பார்க்கும் பிரசன்னாவுக்குப் போய்விட்டது. என்னைக் கோவையிலேயே பண்ணை வேலைகளுக்கு வைத்திருக்கிறார்களாம். “தண்டனைன்னு எடுத்துக்காத, ஆனா தண்டனைதான்” என்றார்.

மதியம் சோறு நன்றாக இறங்கியது. முட்டைக் குழம்பு. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

மே 23

முதலாளி கையெழுத்துப் போட்டார். ஒப்புதல் தாளின் அடியில் இருந்த காலி இடத்தில் பேனாவை அழுத்தி எழுதினார்: 'பெட்டி பேசினால் பேசியதைச் சொல்கிறது. பேசாவிட்டால் பேசவில்லை என்று சொல்கிறது. திருப்தி.' ஆபீஸ் படிவத்தில் இப்படியெல்லாம் எழுத இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

சின்ராசு ஓர் அட்டை முட்டை கொண்டுவந்து வைத்தார். பஸ்ஸில் உடையும் என்றேன். “மடில வெச்சுக்கங்க” என்றார்.

மைனாவதி தடுப்பூசி அட்டவணையைக் கொண்டுவந்தார். அடுத்த மாதத்துக்கும் போட்டுத் தர வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். சரிபார்த்தார். தப்பு இல்லை. கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது.

மே 24

கோவை பஸ். ஜன்னலோரம். மடியில் முட்டை அட்டை. பக்கத்துச் சீட்டுக்காரர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்னைவிட அதிகமாகப் பதறுகிறார்.

திருச்செங்கோடு தாண்டியதும் போன் அலறியது. ஏழாவது ஷெட். பதில் இல்லை.

மதியம் பன்னிரண்டு ஐம்பது. அட்டையைப் பக்கத்துச் சீட்டுக்காரர் மடிக்கு மாற்றிவிட்டுச் சின்ராசுவுக்கு அடித்தேன். பிஸி. மைனாவதிக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஏழாவது! பாத்தீங்களா? ஃபாகர் ஓடுதா?”

“ஓடுதுங். முப்பத்தாறு. கோழியெல்லாம் பேசிக்கிட்டிருக்குது. நாந்தான் புடுங்கினேன்.”

“எதுக்கு?”

“அத்தன தூரத்துலயும் உங்களுக்கு வருதான்னு பாக்கோணும்ல.”

“வருது.”

“ம்.” பின்னால் ஃபாகரின் சத்தம் கேட்டது. சின்ராசுவின் டேபிள் ஃபேன் சத்தமும். “அப்ப சரிங்க, மாட்டிர்றேன்.”

வைத்துவிட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பதினொன்றும் அதுபாட்டுக்குப் பச்சை. ஏழு மட்டும் சாம்பல். இரண்டு நிமிடம் கழித்து அதுவும் பச்சையானது.

நாளைக்கும் இதே நேரத்துக்குச் சோதிப்பது நல்லது என்று செய்தி அனுப்பினேன். நெட்வொர்க்கை ஒரு நாள் மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது.